குதிரைக்காரனின் வாள்

விலை இல்லாத வாளை நான் செய்வதில்லை. காசைச் சொல்லவில்லை. ஒரு வாள் ஏதாவது அதிசயம் செய்தால், வைத்திருப்பவனிடமிருந்து எதையாவது பிடுங்கிக்கொள்ளவும் வேண்டும். அப்போதுதான் அது வாள். இல்லாவிட்டால் வெறும் அட்டை.

அட்டைதான், மறைப்பானேன். பிழைப்புக்கு நான் செய்வது பல் செட். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் மாவுக்கட்டு மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒன்றையொன்று சரியாகத் தொடும்வரை ராவிக்கொண்டே இருக்கும் வேலை. வாள் செய்வது ஞாயிறு மதியத்துக்காக. எங்கள் வீட்டுக் கூடத்தில் மடக்கு மேசையைப் பிரித்துப் போட்டு நாங்கள் நாலு பேர் ஒரு விளையாட்டு ஆடுவோம். நான் கதைசொல்லி. மற்ற மூவருக்கும் கதைக்குள் ஆளுக்கு ஒரு வீரன். "ஆற்றங்கரைக்கு வந்துவிட்டீர்கள், பாலம் பாதி எரிந்து கிடக்கிறது, என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று நான் கேட்பேன். அவர்கள் கூடிப் பேசி, சண்டை போட்டு, ஏதாவது சொல்வார்கள். சொன்னது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். பெரிய எண் விழுந்தால் பிழைத்தார்கள். சின்ன எண் விழுந்தால் தொலைந்தார்கள். வளர்ந்தவர்கள் ஆடுகிற ஆட்டமா இது என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். அது உண்மைதான்.

அந்தக் கதையில் கிடைக்கும் மந்திர வாள்கள் எல்லாம் என் கைவேலை. தடித்த அட்டையில் ஒரு பக்கம் வாளின் படம் வரைவேன். மறுபக்கத்தில் அது செய்வதையும் அது கேட்கும் விலையையும் எழுதுவேன். ஒருமுறை பொய் சொல்பவனை மட்டும் வெட்டும் வாள் ஒன்று செய்தேன். அதைப் பிடித்திருப்பவனும் பொய் சொல்ல முடியாது என்பது விலை. அது போயும் போயும் நெட்டையின் கையில் போய்ச் சேர்ந்தது. நெட்டை என்பது கீழ்வீட்டுக்காரர், கான்கிரீட் கலவை லாரி ஓட்டுகிறவர், நிலைப்படியில் குனியாமல் நுழைந்தால் நெற்றி புடைத்துக்கொள்ளும் உயரம். கதையில் அவர் ஒரு திருடன். கோட்டைக் காவலாளி "எதுக்கு வந்தே?" என்று கேட்க, "திருடத்தாங்க" என்று சொல்லிவிட்டு அவர் விழித்த விழியை நினைத்து நாங்கள் மாதக்கணக்கில் சிரித்தோம்.

மூன்றாவது ஆள் என் மனைவி. மருந்துக்கடையில் மருந்தாளுநர். அவளுடைய வீரன் வில்லாளி. வைத்தியராக ஆடு என்று நாங்கள் ஆரம்பத்தில் கெஞ்சினோம். "நாள் பூரா கடையில மருந்து எடுத்துக் குடுக்கறேன், இங்கயும் அதேதானா?" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள்.

நாலாவது, என் மனைவியின் தம்பி. என் மச்சான். லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டைக்கூட அவன்தான் பார்த்துக்கொண்டான். மாதம் ஒருமுறை அதன் கூரை மேல் ஏறி நின்று, கயிற்றையும் பிரேக்கையும் பார்த்து, உள்ளே ஒட்டியிருக்கும் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கிரீஸ் கையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து ரொட்டிப் பெட்டியைத் திறப்பான். கதையில் அவன் மொட்டைத் தளபதி. தலை நிறைய சுருட்டை முடி வைத்துக்கொண்டிருந்தவன் ஏன் அந்தப் பெயரை வைத்தான் என்று யாருக்கும் தெரியாது. ஒரு காலத்தில் நான் அவனுக்கு ஈரவாள் கொடுத்திருந்தேன். எந்த நெருப்பையும் அணைக்கும். விலை, அவன் உடுப்பு எப்போதும் காயாது. அவன் அதை வைத்திருந்த காலம் முழுக்க மேசையில் தும்மிக்கொண்டே ஆடினான். உண்மையாகவே சளி பிடித்துவிட்டதோ என்று அக்காக்காரி சந்தேகப்பட்டு மாத்திரை கொடுத்தாள். அதையும் வாங்கி விழுங்கினான்.

எங்கள் மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆரம்ப காலத்தில் ஒரு ஞாயிறு நெட்டையின் லாரி வழியில் நின்றுவிட்டது. அவர் வரவில்லையே என்று அவருடைய திருடனுக்காக என் மனைவி பகடை உருட்டினாள். ஒன்று விழுந்தது. திருடன் ஆற்றோடு போய்விட்டான். அடுத்த வாரம் வந்த நெட்டைக்குச் செய்தி தெரிந்ததும் முகம் விழுந்துவிட்டது. "நான் இல்லாதப்ப என்னைக் கொன்னுட்டீங்களே அண்ணி" என்றார். படியில் பார்த்தால்கூட நீண்ட நாள் பேசவில்லை. அவரைச் சமாதானப்படுத்தத் திருடனை ஒரு மீனவன் வலையில் பிடித்துக் கரை சேர்க்க வேண்டியதாயிற்று. அன்றைக்குப் போட்ட சட்டம் இது: வராதவர் வீரன் கூடாரத்தில் தங்கி, எல்லாருடைய குதிரைகளையும் பார்த்துக்கொள்வான். அவனுக்காக யாரும் பகடை தொடக் கூடாது. அவன் வாயால் யாரும் பேசவும் கூடாது.

மச்சானுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது வெட்டி எடுக்கும் நிலையைத் தாண்டிவிட்டது. மருத்துவமனையும் வீடுமாக அலைந்தான். வராத ஞாயிறுகள் கூடிக்கொண்டே போயின. வந்த ஞாயிறுகளில் கேலிக்கு மட்டும் குறை வைக்கவில்லை.

"தளபதியா இருந்தேன், குதிரைக்காரன் ஆக்கிட்டீங்க. சாணி வாரியே என் வீரமெல்லாம் போச்சு மாமா."

"குதிரைங்க உன்னைப் பத்தி நல்லாத்தான் சொல்லுது மாப்ளே."

"முடி போனதுல ஒரு லாபம். இப்பதான் வேஷம் பொருந்துது" என்று தலையைத் தடவிக்கொள்வான். நெட்டை சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் டீ டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொள்வார்.

ஒரு நாள் சமையலறையில் என் மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள்.

"இந்தத் தடவை வலிக்கு மட்டும்தான் மருந்து எழுதியிருக்காங்க" என்றாள்.

அவள் கடையில் அப்படிப்பட்ட சீட்டுகளைத் தினம் பார்க்கிறவள்.

"ஏங்க, அவனுக்கு ஒரு வாள் செஞ்சு குடுங்க."

"செய்யறேன்."

"தோக்காத வாள். விலை கிலை எதுவும் வேண்டாம்."

"அது வாளே இல்ல. அதை வெச்சு ஆடறதும் ஒண்ணுதான், சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கறதும் ஒண்ணுதான்."

"உங்க வித்தையை யார் கேட்டா? அவன் ஒரு தடவையாவது ஜெயிக்கட்டும். பெத்தவங்க போனப்புறம் நான் கையில தூக்கி வளத்த புள்ள அவன்."

ஈரக் கையால் முகத்தைத் துடைத்தாள். அதற்கு மேல் வாதாட நான் கல்லா? அன்றே உட்கார்ந்து செய்தேன். சூரியக்கீற்று என்று பெயர் வைத்தேன். எந்தப் பகடைக்கும் பத்து கூட்டிக்கொள்ளலாம். எதிரியின் அடி மேலே படாது. படம் அழகாக வந்திருந்தது, அதுவரை நான் வரைந்ததிலேயே அழகானது. விலை எழுதும் இடத்தில் ஒரு கொடியை வரைந்து நிரப்பினேன். பல் செட் கட்டும்போது ஒரு பக்கம் மட்டும் உயர்ந்துவிட்டால் கைக்குத் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தது. தெரிந்தும் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

அந்த ஞாயிறு அவனைத் தலையணைகள் அடுக்கி உட்கார வைத்தோம். கதையில் மலைக்கோட்டை. வழியிலேயே என் மனைவியின் குதிரை நொண்டத் தொடங்கியது. "கால்ல முள்ளு ஏறியிருக்கும். அப்புறம் எடுத்துக்கலாம் அக்கா, நான்தானே குதிரைக்காரன்" என்றான். கோட்டைக்குள் ஒரு புதைகுழியிலிருந்து அவனுக்கு வாள் கிடைக்கும்படி செய்தேன். படத்தைப் பார்த்து அவன் கண் விரிந்தது. முதல் அரக்கனை வெட்டினான். இரண்டாவதை வெட்டினான். நெட்டை கை தட்டினார், கொஞ்சம் அதிகமாகவே தட்டினார். மூன்றாவது அரக்கன் முன்னால் பகடை உருட்டியபோது மூன்றுதான் விழுந்தது. அதற்கும் ஜெயித்தான்.

அவன் அட்டையைத் திருப்பினான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். அந்தக் கொடியின் மேல் விரலை வைத்தான்.

"மாமா, விலை எழுத மறந்துட்டீங்க."

"மறக்கல."

"அப்ப எங்க?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "விலையெல்லாம் நீ குடுத்தாச்சுடா. விடு. ஆடு."

கோபத்தில் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"அது வெளியில குடுத்தது அக்கா. இங்க நான் நல்லாத்தான் இருந்தேன். ஆஸ்பத்திரில நர்ஸ்ல இருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லாரும் எனக்கு விட்டுக் குடுக்கறாங்க. லிஃப்ட்ல ஏறினா வழி விடறாங்க, நான் மாட்டின லிஃப்ட்ல. இந்த மேசை ஒண்ணுலதான் என்னை யாரும் சும்மா விட்டதில்ல. இப்ப இங்கயும் விட்டுட்டீங்க."

அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தான். படுக்க வேண்டும் என்றான். நானும் நெட்டையும் கைத்தாங்கலாக உள்ளறைக்குக் கூட்டிப்போனோம். அவன் இவ்வளவு இலேசாகிவிட்டானா என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பி வந்தால் என் மனைவி அந்த அட்டையை நாலாகக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்மேல் எரிந்து விழுவாள் என்று பார்த்தேன். விழவில்லை. விழுந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த முறை அவன் மருத்துவமனைக்குப் போனபோது திரும்பி வரப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும். பகல் வேளைகளில் என் மனைவி கடையில் இருக்கும்போது நான் போய் உட்காருவேன். ஒரு நாள் வெற்று அட்டையும் பென்சிலும் கொண்டுபோனேன்.

"என்ன மாமா, ரெண்டாவது லஞ்சமா?"

"வாயை மூடு மாப்ளே. ஒழுங்கா ஒரு வாள் செய்யலாம்னு வந்தேன். என்ன வேணும்னு நீயே சொல்லு. விலையோட."

அவன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்து விட்டு விட்டுச் சொட்டியது. யோசிக்கிறான் என்று தெரிந்தது. பழுதான லிஃப்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது இருக்குமே, அதே முகம்.

"கூடாரத்துல இருக்கறவனுக்கு ஒரு வாள் வேணும்."

"கூடாரத்துல என்னடா சண்டை? குதிரை உதைக்க வருமா?"

"சண்டைக்கு இல்ல. தளபதி குதிரைங்களைப் பாத்துக்கிட்டு, வாளைத் தரையில ஊனி வெச்சிருப்பான். அது அங்க நிக்கற வரைக்கும், வெளிய போனவங்கள்ல ஒருத்தர், ஒரு பயணத்துக்கு ஒரு தடவை, விழுந்த பகடையை எடுத்து மறுபடி உருட்டலாம்."

நான் எழுதப் போனவன் நிறுத்தினேன். வராதவர் வீரன்தான் கூடாரத்தில் இருப்பான். அப்படியென்றால் இவன் எந்த ஞாயிறுகளுக்கு வாள் கேட்கிறான் என்று புரிந்தது. புரிந்ததும் எனக்கு வந்தது கோபம்தான். பொங்கிக்கொண்டு வந்தது.

"நான் செய்ய மாட்டேன். வேற ஏதாவது கேளு."

"மாமா."

"வந்து ஆடறதுக்கு வாள் கேளுன்னா, வராம இருக்கறதுக்குக் கேக்கறியா? உன் இஷ்டத்துக்கு..."

"கத்தாதீங்க, பக்கத்து பெட்டுல பெரியவர் தூங்கறாரு." கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தான். பிடியே இல்லை. "நான் போனா நீங்க மேசையை மடிச்சிடுவீங்க. அக்கா மடிச்சிடுவா. அம்மா போனப்ப என்ன பண்ணினா தெரியுமா? அழலை. பேசலை. சோறு போட்டா, துணி மடிச்சு வெச்சா, படிக்க அனுப்பினா. ஒரு வார்த்தை பேசலை மாமா. வீட்டுக்குள்ள என்னைத் தவிர யாருமே இல்லாத மாதிரி இருக்கும். அப்ப நான் சின்னப் பையன், என்ன பண்ண முடியும்? இப்பவும் அதையேதான் பண்ணப்போறா."

குனிந்து எழுதுவதுபோல் பாவனை செய்தேன்.

"சரி. விலை?" என்றேன்.

"அதை நான் யோசிச்சு வெச்சிருக்கேன். மறுபடி உருட்டினவங்க, பயணம் முடிஞ்சதும் கூடாரத்துக்கு வரணும். அன்னைக்கு என்ன நடந்ததுன்னு தளபதிகிட்ட சொல்லணும். சொல்லலைன்னா வாள் செத்துடும்."

"இதுல ஓட்டை இருக்கு." என் தொழில் புத்தி விடுமா? "போனோம், வந்தோம்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டா?"

அவன் முகத்தில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "அதானே, அக்கா அதைத்தான் பண்ணுவா. எழுதுங்க. சுருக்கிச் சொல்லக் கூடாது. யார் என்ன சொன்னாங்க, யார் எங்க விழுந்தாங்க, எல்லாம் வரணும்."

"தளபதி பதில் சொல்வானா?"

"சட்டம் என்ன மாமா? வராதவன் வாயால யாரும் பேசக் கூடாது. அதை மாத்தாதீங்க. நான் பேசற மாதிரி நீங்க பேசினா, ஆவியா வந்து உங்க பல்லு எல்லாத்தையும் உடைப்பேன்."

பாதி நாள் அதைப் பற்றியே பேசினோம். எவ்வளவு தூரம் வரை பலிக்கும், தளபதி வாளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தால் என்ன ஆகும், நெட்டை அதைத் திருட முடியுமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இடையில் வலி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினான். இவ்வளவு வருடத்தில் நான் செய்த வாள்களிலேயே விலை இவ்வளவு சரியாக உட்கார்ந்த வாள் வேறில்லை. அது விலையே இல்லை, அதுதான் அவன் அக்காவுக்கு விட்டுப்போகும் பொருள் என்பது எனக்கு வீடு திரும்பும்போது வழியில்தான் உறைத்தது. ஒரு கடை வாசலில் நின்றுவிட்டேன். ஜனம் இடித்துக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு அவன் அதிக நாள் இருக்கவில்லை. ஒரு காலைப் பொழுதில், அக்கா அவன் வாயை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்போதே போனான். அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. நர்ஸ் வந்து துணியை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவன் சொன்னது அப்படியே நடந்தது. அவள் அழவில்லை. மேசையை மடித்துச் சுவரோரம் சாத்தி, அதன் முன்னால் துணி காயப்போடும் கம்பியை நிறுத்திவைத்தாள். கடைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். கேட்டதற்கு ஆம், இல்லை. லிஃப்டில் ஏறுவதை விட்டுவிட்டாள். உள்ளே அந்த அட்டையில் அவன் கையெழுத்து வரிசையாக இருந்தது. கடைசிக் கையெழுத்துக்குக் கீழே வேறு யாரோ போடத் தொடங்கியிருந்தார்கள். மாடி வரை மூச்சு வாங்கப் படியேறி வந்து, என்னைத் தாண்டி உள்ளே போவாள். நானும் அந்த வீட்டில் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்த மாதிரியே இல்லை.

வாளைப் பற்றி ஒருமுறை சொன்னேன். அட்டையைக் காட்டினேன். இரண்டு பக்கமும் படித்தாள்.

"செத்தவனுக்கு வாள் எதுக்கு?" என்றாள். அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பொறுமை வந்ததோ, கத்தாமல் அலமாரிக் கதவைச் சாத்தினேன்.

நெட்டை மட்டும் ஞாயிறு தவறாமல் வருவார். நிலைப்படிக்கு வெளியே நிற்பார். "சும்மாத்தான் அண்ணே, எப்படி இருக்கீங்கன்னு பாக்க வந்தேன்" என்பார். சாத்தியிருக்கும் மேசையைப் பார்ப்பார். போய்விடுவார். அப்படி எத்தனை ஞாயிறு போனது என்று எண்ணவில்லை.

ஒரு ஞாயிறு என் மனைவி கம்பியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். வழக்கம்போல் நின்றார். பிறகு யாரிடம் என்று இல்லாமல், கொஞ்சம் தயங்கி, "தளபதி பாவம்" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அவரைக் கூடாரத்துல விட்டுட்டு வந்தோம். அதுக்கப்புறம் நாம யாரும் அந்தப் பக்கமே போகலை. எவ்வளவு நாளாச்சு? குதிரைங்களை வெச்சுக்கிட்டு ஒண்டியா உக்காந்திருப்பாரு. இவங்கல்லாம் எங்க போய்த் தொலைஞ்சாங்கன்னு நினைக்க மாட்டாரா?"

இதை வேறு யாராவது கேட்டிருந்தால் இந்த மனிதனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றிருப்பார்கள். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். என் மனைவி கையிலிருந்த துணியை அப்படியே நாற்காலியில் போட்டாள். கம்பியை நகர்த்தினாள். மேசையைப் பிடித்து இழுத்தாள். கால் ஒன்று சிக்கிக்கொண்டது. அதை எட்டி உதைத்துப் பிரித்தாள். அலமாரிக்குப் போய் அட்டையை எடுத்துவந்து, தம்பி உட்காரும் இடத்தில், காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

"ஆரம்பிங்க" என்றாள்.

மோசமாக ஆடினோம். கதையில் மழை பெய்யவைத்தேன், எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. வில்லாளியும் திருடனும் குதிரைகளைக் கூடாரத்தில் விட்டுவிட்டு, ஒரு பள்ளத்தாக்கைக் கயிற்றுப் பாலத்தில் கடந்தார்கள். நடுவில் நெட்டையின் திருடன் வழுக்கித் தொங்கினான். அவனை இழுக்க வில்லாளி பகடை உருட்டினாள். இரண்டு விழுந்தது.

மூன்று பேரும் அந்த இரண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். திருடன் போக வேண்டும். அதுதான் எண்.

அவள் காலி நாற்காலிக்கு முன்னால் இருந்த அட்டையைப் பார்த்தாள். பிறகு பகடையை எடுத்து மறுபடி உருட்டினாள். பதினேழு. நெட்டை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "பொழச்சேன்டா தளபதி" என்றார்.

பயணம் முடிந்தது. கூடாரத்துக்குத் திரும்பிவிட்டீர்கள் என்றேன். இனி விலை.

அவள் நாற்காலியைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தாள். "போனோம். பாலத்தைத் தாண்டினோம். வந்துட்டோம்" என்றாள்.

நெட்டை தொண்டையைச் செருமினார். "அண்ணி, சுருக்கிச் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கு."

அவளுக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் பாதியில் எங்கோ போய்விட்டது. நாற்காலியின் பக்கம் திரும்பினாள்.

"டேய். மழைடா. செம மழை. உன் மாமாவுக்கு வேற ஒண்ணும் தோணலை போல, மழையா ஊத்தறாரு. இந்தக் கீழ்வீட்டு மனுஷன் இருக்காரே, கயித்துப் பாலத்துல நடக்கத் தெரியாதவரு, நான்தான் முன்னாடி போவேன்னு போனாரு..."

சொன்னாள். நெட்டை எப்படித் தொங்கினார், என்னவென்று கத்தினார், முதலில் என்ன விழுந்தது, அப்போது தன் கை எப்படிச் சில்லிட்டது என்று எல்லாம் சொன்னாள். சொல்லும்போதே சிரித்தாள். சிரிப்போடு அழுகை வந்தது, அதை அவள் துடைக்கவில்லை. கதை முடிந்தும் நிறுத்தவில்லை. கடையில் புதிதாகச் சேர்ந்த பெண் அலமாரியைக் கலைத்துவைத்தது, படியேறி முழங்கால் வலிப்பது, ரொட்டிப் பெட்டியை யாரும் திறப்பதே இல்லை என்பது, எல்லாம் வந்தது. நெட்டை தன் பெரிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து கேட்டார்.

"நீ என்னடா பண்ணிட்டிருந்தே இத்தனை நாளா?" என்று கேட்டு நிறுத்தினாள்.

நாற்காலி காலியாக இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். கதைசொல்லி நான்தான். ஆனால் வராதவன் வாயால் யாரும் பேசக் கூடாது. அவன் மாற்ற வேண்டாம் என்று சொன்ன சட்டம். அவன் வாய்தான் எனக்கு விலக்கு. கூடாரம், தரை, மழை, குதிரைகள் எல்லாம் என் பொறுப்பு.

"ராத்திரியெல்லாம் மழை பெஞ்சிருக்கு" என்றேன். "தரை பூரா சேறு. ஆனா குதிரைங்க எதுவும் நனையலை. மரத்தடியில கூரை கட்டி நிறுத்தியிருக்கு. முன்னாடி புல்லு கிடக்கு. வாளு தரையில ஊனினபடி நிக்குது. உன் குதிரை நொண்டலை. கால்ல இருந்த முள்ளை எடுத்துத் துணி சுத்திக் கட்டியிருக்கு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரி அல்லவா, அதைத்தான் கேட்டாள்.

"பழைய கட்டா?"

"இல்ல" என்றேன். "இன்னைக்குக் கட்டினது."